வன்னியில் ஸ்பானியச் சுவடுகள்

ஸ்பெயின் தேசம் எங்கே, வன்னி நாடு எங்கே? ஒன்று ஐரோப்பாக் கண்டத்தின் தென்மேற்கு மூலையிலே, அத்திலாந்திக் கடலுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே கிடக்கும் பெருநிலம். மற்றையது ஈழத்தின் வடபாகத்திலே, யாழ்ப்பாணக் கடலேரிக்குத் தெற்கே, குளங்களும் வயல்களும், பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த காடுகளுமாக விரிந்து கிடக்கும் நாடு. இவ்விரண்டிற்கும் யாது தொடர்பு என்று வினவினால், ஒரு தொடர்பும் இல்லை என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். அவ்விடை சரியன்று.

2009ஆம் ஆண்டில் போர் முடிவுற்ற பின்னர், வெளிநாட்டுப் பிரயாணிகள் வன்னிப் பெருநிலத்துக்கும் வரத் தொடங்கினர். 2011ஆம் ஆண்டில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. 2013இல் புகைவண்டி மீண்டும் கிளிநொச்சியை வந்தடைந்தது. வருவோர் எல்லாரும் ஒரே நோக்கத்துடன் வருவதில்லை. காட்டையும் பறவைகளையும் காண வருவோர் ஒருசாரார். கோயில்களை நாடி வருவோர் ஒருசாரார். தாம் கற்ற ஒரு பண்பாட்டின் சுவடு உலகில் எங்கெங்கே பதிந்துள்ளது என்று தேடி வருவோரும் உளர். ஸ்பானிய மொழியையும் ஸ்பானியரின் வாழ்க்கையையும் விரும்பிக் கற்ற ஒருவர் வவுனியாப் புகைவண்டி நிலையத்தில் வந்து இறங்குகின்றார் என்று வைத்துக் கொள்வோம். அவருக்கு வன்னி எதனைக் காட்டும்? அவருக்கு வழிகாட்டும் நம்மவர் எதனைச் சொல்லல் வேண்டும்? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் சரித்திரத்தைச் சற்றே நோக்குதல் நன்று. இலங்கையின் கரையோரங்களைப் பிடித்து ஆண்டவர் போர்த்துக்கேயர் என்று பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் அந்தப் போர்த்துக்கேயரையே ஆண்டவர் யார் என்பதை அறிந்தவர் சிலரே. 1578ஆம் ஆண்டிலே மொறொக்கோ நாட்டுப் போர்க்களத்தில் போர்த்துக்கல் மன்னன் செபஸ்தியான் மடிந்தான். அவனுக்குப் பிள்ளை இல்லை. அவனுக்குப்பின் அரசேறிய முதியவர் என்றிக்கேயும் 1580இல் இறக்கவே, ஸ்பானிய மன்னன் இரண்டாம் பிலிப் உரிமை கோரிப் போர்த்துக்கல்லின் முடியையும் தன் தலையில் சூடிக்கொண்டான். அன்று தொடங்கி 1640ஆம் ஆண்டு டிசெம்பர் முதலாம் திகதிவரை, அறுபது ஆண்டுகள், பிலிப் என்ற பெயர் பூண்ட மூன்று ஸ்பானிய மன்னர்கள் ஒருவர்பின் ஒருவராய் இரு நாடுகளுக்கும் அரசராய் இருந்தனர்.

யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்தது இந்த அறுபது ஆண்டுகளுக்குள்ளேதான். 1591இல் அந்திரே பூர்த்தாடோ என்ற தளபதி படையெடுத்து வந்து, ஆண்டுகொண்டிருந்த மன்னனைக் கொன்று, தனக்கு இசைந்த ஒருவனை அரியணையில் அமர்த்தினான். 1619இல் பிலிப் தெ ஒலிவேரா என்ற தளபதி சங்கிலி குமாரனை வென்று சிறைப்பிடித்தான். சங்கிலி கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கே மரண தண்டனைக்கு உள்ளானான். அதே 1619ஆம் ஆண்டில் ஸ்பானிய மன்னன் மூன்றாம் பிலிப் லிஸ்பன் நகருக்கு எழுந்தருளிப் பெருஞ் சிறப்புடன் வரவேற்கப்பட்டான். செர்வாந்தேஸ் என்ற பேரெழுத்தாளர் தமது தொன் கிஹோத்தே கதையின் இரண்டாம் பாகத்தை வெளியிட்டது 1615இல். அதற்கு நான்கு ஆண்டுகளின் பின்னரே நல்லூரின் முடி வீழ்ந்தது. ஸ்பானிய இலக்கியத்தின் பொற்காலமும் தமிழ் இராச்சியம் ஒன்றின் அந்திமக் காலமும் ஒன்றே என்பதை நம் விருந்தினர் அறியும்போது, அவர் கற்ற சரித்திரமும் நமது சரித்திரமும் ஒரே ஏட்டின் இரு பக்கங்கள் என்பது அவருக்குப் புலனாகும்.

ஒன்றை மட்டும் இங்கே மறவாது சொல்லல் வேண்டும். இரண்டாம் பிலிப் போர்த்துக்கல்லின் முடியை ஏற்றபோது, அந்நாட்டின் கடல் கடந்த உடைமைகளைப் போர்த்துக்கேயரே நிருவகிப்பர் என்று வாக்களித்திருந்தான். ஆகவே இங்கு வந்த தளபதிகளும் குருமாரும் பெரும்பாலும் போர்த்துக்கேயர். முத்திரையில் இருந்தது ஸ்பானிய மன்னனின் பெயர். வாளைப் பிடித்திருந்தது போர்த்துக்கேயக் கை. இந்த வேறுபாட்டை மறைத்து, இடிந்த சுவர் எதனைக் கண்டாலும் ‘இது ஸ்பானியர் கட்டியது’ என்று விருந்தினர் மனம் மகிழச் சொல்லும் வழிகாட்டி, தம்மையும் தம் நாட்டையும் ஒருங்கே தாழ்த்துகின்றார்.

இனி வன்னியின் நிலை யாது? யாழ்ப்பாணம் நேரடியாக ஆளப்பட்டது. வன்னி அவ்வாறு ஆளப்படவில்லை. பனங்காமம், கரிக்கட்டுமூலை, முள்ளியவளை முதலிய பற்றுக்களை ஆண்ட வன்னியர்கள் முன்னர் நல்லூர் அரசனுக்குத் திறை செலுத்தினர். பின்னர் பறங்கியருக்குச் செலுத்தினர். அத்திறை பொன்னன்று, யானை. காட்டிலே பிடித்துப் பழக்கிய யானைகள் ஆனையிறவின் ஆழங்குறைந்த கடலேரி வழியே குடாநாட்டுக்குள் இறக்கப்பட்டன. ஆனையிறவு என்ற பெயரே அதற்குச் சான்று. அங்கிருந்து ஊர்காவற்றுறை சென்று அவை கப்பலேறின. ஊர்காவற்றுறையைப் பிற மொழியார் ‘கயிற்ஸ்’ என்று அழைப்பது, துறைமேடை எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லாகிய ‘காய்ஸ்’ என்பதிலிருந்து வந்தது.

யானை பிடித்தல் விளையாட்டன்று. அத்தொழிலில் வல்லவரைப் பணிக்கர் என்பர். மதங்கொண்ட கொம்பன் யானையைத் தனியளாய்ச் சென்று கட்டிய அரியாத்தை என்னும் பெண்ணின் கதை வன்னி நாட்டார் பாடலாக இன்றும் நிலைத்திருக்கின்றது. காளையோடு பொருதும் வீரரைக் கொண்டாடும் ஸ்பானியப் பண்பாட்டை அறிந்த விருந்தினருக்கு, யானையை அடக்கிய பெண்ணைப் பாடும் நாடு இது என்று சொன்னால், அவர் இரு கைகூப்பி நிற்பார் என்பதில் ஐயமில்லை.

இத்தகைய நாட்டில், அந்த ஆட்சியின் கல் அடையாளம் என்று சுட்டத் தக்கது பூநகரிக் கோட்டை. பரந்தனிலிருந்து மேற்கே செல்லும் வீதியில், வயல்களும் வெளிகளும் கடந்து, கடலேரியை நோக்கிச் சென்றால் பூநகரியை அடையலாம். யாழ்ப்பாணத்துக்குத் தெற்கிலிருந்து வரும் வழியைக் காக்கும் பொருட்டுப் போர்த்துக்கேயர் இங்கே காவலரண் அமைத்தனர். பின்வந்த ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டில் அதனை விரிவாக்கினர். நாற்கோண வடிவமும், மூலையிலே கொத்தளமும் உடைய சிறு கோட்டை அது. ஒல்லாந்தருக்குப் பின் ஆங்கிலேயர் அதனைத் தங்குமடமாக்கினர். 1993ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே பூநகரியில் கடுஞ்சமர் நிகழ்ந்தது. நெடும்போர் அக்கோட்டையையும் விட்டுவைக்கவில்லை. இன்று எஞ்சியிருப்பன சிதைந்த மதில்களே. மாட்ரிட் மாநகரின் அரண்மனைகளையும் கிரனாடாவின் அல்ஹம்பிறாவையும் கண்ட ஒருவர் இதனைக் கண்டு ஏமாற்றம் அடையலாம்.

ஆனால் ஏமாற்றத்துக்கு இடமில்லை. பூநகரியின் பெருமை கோட்டையுடன் தொடங்கியதும் அன்று, அதனுடன் முடிந்ததும் அன்று. பேராசிரியர் புஷ்பரட்ணம் அவர்கள் இப்பகுதியில் நிகழ்த்திய தொல்பொருளாய்வு, பறங்கியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இங்கு மக்கள் செழித்து வாழ்ந்ததைப் புலப்படுத்தியிருக்கின்றது. விருந்தினரிடம் இதனையே முதலிற் சொல்லல் வேண்டும். வெறும் காட்டுக்கு ஐரோப்பியர் வந்து நாகரிகம் தந்தனர் என்ற எண்ணம் அவர் மனத்தில் இருந்தால் அது அங்கேயே அகன்றுவிடும்.

படைபலத்தால் கட்டியது இவ்வாறு மண்ணாயிற்று. மண்ணாகாது நிலைத்தவை எவை? அவற்றைக் காண்பதற்கு வீட்டுக் குசினிக்குள்ளும் வயல் வரம்புக்கும் காட்டுக் கோயிலுக்கும் விருந்தினரை அழைத்துச் செல்லல் வேண்டும்.

வவுனியாவிலோ மாங்குளத்திலோ வீதியோரத் தேநீர்க் கடை ஒன்றில் அவர் அமரட்டும். கடைக்காரர் ஈரத் துவாயால் மேசையைத் துடைத்துவிட்டு, பாணும் சம்பலும் கொண்டு வந்து வைத்து, கோப்பையிலே தேநீர் ஊற்றுகின்றார். விருந்தினர் திடுக்கிடுவார். ஏனெனில் ஸ்பானிய மொழியிலும் மேசைக்கு ‘மேசா’ என்றே பெயர். பாணுக்குப் ‘பான்’. கோப்பைக்குக் ‘கோப்பா’. துவாய்க்குத் ‘தோவாய்யா’. அவர் அமர்ந்திருக்கும் வாங்குக்குப் ‘பாங்கோ’. அவர் வாயிலிலே கழற்றிவைத்த சப்பாத்துக்குச் ‘சப்பாத்தோ’. உள்ளே சமையல் நடக்கும் குசினிக்குக் ‘கொசினா’. கள்ளு விற்கும் தவறணைக்குத் ‘தபேர்ணா’. இச்சொற்கள் நமக்கு வந்தது போர்த்துக்கேய மொழியின் வழியாக. போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் இலத்தீன் என்ற ஒரே தாயின் வயிற்றிற் பிறந்த உடன்பிறப்புக்கள் ஆதலின், ஒன்றில் இருப்பது மற்றதிலும் ஒலிக்கின்றது.

ஓரிடத்தில் மட்டும் விருந்தினர் சிரிப்பை அடக்க மாட்டாது திண்டாடுவார். ‘கதிரையிலே இருங்கள்’ என்று வீட்டுக்காரர் உபசரிக்கும்போது அது நிகழும். இருக்கையைக் குறிக்கும் பழைய இலத்தீன் சொல் போர்த்துக்கேயத்தில் ‘கதெய்றா’ என நின்று நாற்காலியைக் குறித்து, நம்மிடம் கதிரை ஆயிற்று. அதே சொல் ஸ்பானியத்தில் ‘கதேரா’ எனத் திரிந்து, இருக்கையை விட்டு, இருக்கையில் அமரும் இடுப்பைக் குறிக்கலாயிற்று! சொற்களும் மனிதரைப் போலவே நெடுந்தூரம் பயணம் செய்து, சென்ற இடத்திலே புதுத்தொழில் பழகிக்கொள்கின்றன.

வீதியிலே ஓடும் பேருந்து ஒன்றிலிருந்து பாட்டொலி கேட்கின்றது. அதற்கு என்ன பெயர் என்று விருந்தினர் வினவ, ‘பைலா’ என்று விடை வரும். ஸ்பானியத்தில் ‘பைலா’ என்றால் ‘ஆடு’ என்று பொருள். கூட வந்தவர்களுக்கு அவரே அதனை விளக்கிச் சொல்வார்.

இனி வயலுக்குச் செல்வோம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் செம்மண் தோட்டங்களிலே மிளகாய் பழுத்துச் சிவந்து கிடக்கும். மிளகாய் இல்லாத தமிழர் சமையலை இன்று எவராலும் நினைத்துப் பார்க்க இயலாது. ஆயினும் சங்கப் புலவர் எவரும் மிளகாயை உண்டதில்லை. 1492இல் கொலம்பஸ் ஸ்பானியக் கொடியுடன் அமெரிக்கத் தீவுகளை அடைந்தபின்னரே, அக்கண்டத்துப் பயிராகிய மிளகாய் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. 1498இல் வாஸ்கோ ட காமா திறந்த கடல்வழியே போர்த்துக்கேயக் கப்பல்கள் அதனை நம் கரைகளுக்குக் கொணர்ந்தன. உறைப்பிலே மிளகை ஒத்த காய் என்பதால் நம் முன்னோர் அதனை ‘மிளகாய்’ என்றனர். ஸ்பானியரும் மிளகைக் குறிக்கும் ‘பிமியெந்தா’ என்ற சொல்லைச் சிறிது மாற்றிப் ‘பிமியெந்தோ’ என்றே அதற்குப் பெயரிட்டனர். ஒருவரை ஒருவர் கலந்து பேசாமலே இரு இனத்தாரின் நாவும் ஒரே தீர்ப்பைக் கூறியிருக்கின்றன.

மிளகாயோடு கூட வந்தவை வேறும் பல. கோயில் திருவிழா வீதிகளிலே குவித்து வைத்து விற்கப்படும் கச்சான், வீட்டு வேலியோரத்துப் பப்பாசி, கொய்யா, அன்னாசி, சோளம், பஞ்ச காலங்களில் ஏழை எளியவரின் பசி தீர்த்த மரவள்ளி ஆகியன யாவும் அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாக உடையவை. வைகாசி மாதத்திலே வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குச் செல்லும் அடியார் வீடு திரும்பும்போது வாங்கி வரும் கச்சான் பொதியிலே, ஸ்பானியக் கப்பலோட்டியின் கதையும் பொதிந்திருக்கின்றது. அந்த வித்துக்களை எவரும் துப்பாக்கி முனையில் நம் மண்ணில் நடவில்லை. உழவர் தாமே சுவைத்துப் பார்த்து, தாமே நட்டு, தமதாக்கிக் கொண்டனர்.

வன்னிக்கு வரும் ஸ்பானிய அன்பர் தவறவிடக் கூடாத தலம் மடு. இன்றைய நிருவாகப் பிரிவின்படி அது மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்ததெனினும், வன்னிக் காட்டின் நடுவே, வவுனியாவிலிருந்து எளிதில் செல்லத் தக்க தூரத்தில் அமைந்தது. அதன் வரலாறு நெஞ்சை உருக்குவது. 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றி, அம்மதத்தைத் தடை செய்தனர். மாந்தையிலே தேவமாதாவின் திருச்சுரூபத்தை வணங்கிவந்த குடும்பங்கள், 1670ஆம் ஆண்டளவில், அச்சுரூபத்தை எடுத்துக்கொண்டு காட்டு வழியே நடந்து மருதமடுவை அடைந்தன என்பது வரலாறு. 1687இல் கோவாவிலிருந்து ஏழைக் கூலியாளைப் போல வேடம் பூண்டு வந்த யோசேப் வாஸ் அடிகள், குருவின்றி மறைவாக வாழ்ந்த அம்மக்களைத் தேடித் தேடிச் சென்று பணியாற்றினார்.

இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த மக்கள் போர்த்துக்கேயர் அல்லர், தமிழர். அவர்களுக்கு அம்மதத்தைக் கற்பித்த அரசு கப்பலேறிப் போய்விட்டது. அதனைக் காப்பதால் பதவியும் இல்லை, பொருளும் இல்லை, துன்பமே உண்டு. அந்நிலையிலும் காத்தனர் என்றால், அது இரவற் பொருளாக இருந்த காலம் போய் அவர்களின் சொந்த உடைமை ஆகிவிட்டது என்பதே கருத்து. அவர்களுக்கு அடைக்கலம் அளித்தது வன்னிக் காடு. எந்த மன்னனுக்கும் முற்றாகப் பணியாத அக்காடு, ஓடி வந்தவர் எவராயினும் அவரை மறைத்துக் காத்தது.

ஆவணி மாதத்துப் பெருவிழா ஆகஸ்ட் 15ஆம் திகதி நிறைவுறும். கத்தோலிக்கர் மட்டுமன்றிச் சைவரும் பௌத்தரும் அங்கே செல்வர். முற்காலத்திலே மாட்டு வண்டிகளில் பாயும் பானையும் அரிசியும் ஏற்றிக்கொண்டு, நாட்கணக்கிற் பயணம் செய்து, மர நிழல்களிலே கொட்டில் அமைத்துத் தங்கி வழிபட்டனர். இன்றும் குடும்பம் குடும்பமாகக் கூடாரம் அடித்துத் தங்குவோர் உளர். ஸ்பெயினின் தென்பகுதியாகிய அந்தலூசியாவிலே எல் ரோசியோ என்ற தலம் உண்டு. பெந்தெகோஸ்து விழாவின்போது மக்கள் மாடு பூட்டிய வண்டிகளிலும் குதிரைகளிலும், பைன் மரக்காடுகள் வழியே, இரவுகளில் வெளியிலே தங்கி, பாட்டும் மன்றாட்டுமாக அத்தலத்து அன்னையிடம் செல்வர். அவ்வழியில் ஒருமுறை நடந்தவர் மடுவின் பெருவிழாவைக் கண்டால், தம் ஊருக்கே திரும்பியது போன்ற உணர்வு எய்துவார். அந்த ரோசியோவை அடுத்துத் தொஞானா என்ற பெருஞ் சதுப்புநிலம் உளது. அங்கே பூநாரைகள் கூட்டங் கூட்டமாய் நிற்கும். அதே இனப் பூநாரைகள் முல்லைத்தீவுக்கும் கிளிநொச்சிக்கும் இடைப்பட்ட சுண்டிக்குளக் கடலேரியிலும் வந்திறங்கும்.

1544ஆம் ஆண்டையும் நாம் மறைத்தல் கூடாது. ஸ்பெயினின் நவார்ப் பகுதியிலுள்ள ஹவியேர் மாளிகையிற் பிறந்தவரே புனித சவேரியார். அவர் முத்துக்குளித்துறையில் மதப்பணி புரிந்த காலத்தில் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்கள் பலர், யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை ஒலிவேரா இடித்தான். ஒரு பக்கத்தில் மதம் மாறிய ஏழை மக்களின் இரத்தம். மறுபக்கத்தில் இடிக்கப்பட்ட கோயிலின் கற்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கும் வழிகாட்டி விருந்தினருக்குப் பாதி நாட்டையே காட்டுகின்றார். 1990களின் போர்க்காலத்தில் இருப்பிடம் இழந்த பல்லாயிரவர் மடு ஆலய வளவிலே தஞ்சம் புகுந்தனர். 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் அன்னையின் சுரூபமே மீண்டும் இடம்பெயர்ந்து, ஓகஸ்டில் திரும்பி வந்தது. 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி, ஆர்ஜென்டீனாவிற் பிறந்து ஸ்பானியத்தையே தாய்மொழியாகக் கொண்ட பாப்பரசர் பிரான்சிஸ், கொழும்பிலே யோசேப் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்றே மடுவுக்கு வந்து, போரினால் உற்றாரை இழந்த மக்களோடு சேர்ந்து செபித்தார். ஸ்பானியம் பேசும் ஒருவர் வாளின்றி, படையின்றி, ஆறுதல் கூறும் பொருட்டு வன்னிக் காட்டுக்கு வந்த அந்நாள் நினைவில் வைக்கத் தக்கது.

கலையிலும் இச்சுவடு உண்டு. மன்னார்க் கத்தோலிக்கர் ஆடிய நாட்டுக்கூத்துக்களுள் ஒன்றன் பெயர் ‘எண்டிறீக்கு எம்பரதோர்’. பேராசிரியர் வித்தியானந்தன் அதனைப் பதிப்பித்து 1964இல் நூலாக்கினார். எண்டிறீக்கு என்பது என்றிக்கே என்ற பெயரின் தமிழ் வடிவம். எம்பரதோர் என்பது பேரரசனைக் குறிக்கும் சொல். ஸ்பானியத்திலும் அது ‘எம்பெரதோர்’ என்றே ஒலிக்கும். கதையின் மாந்தர் ஐரோப்பியர். பாட்டும் ஆட்டமும் தமிழ். முள்ளியவளையில் கோவலன் கூத்து ஆடும் அண்ணாவிமாருக்கும், கடற்கரையில் எம்பரதோர் ஆடும் அண்ணாவிமாருக்கும் வட்டக்களரியும் ஒன்றே, மத்தளமும் ஒன்றே.

தமிழ் அச்செழுத்தின் பிறப்பிலும் ஒரு ஸ்பானியக் கை இருந்தது என்பதைத் தமிழர் நன்றியோடு நினைத்தல் தகும். 1577இல் கோவாவிலே தமிழ் எழுத்துக்களை முதன்முதல் உலோகத்தில் வார்த்தவர் ஜோவான் கொன்சால்வெஸ் என்ற ஸ்பானியச் சகோதரர். மறு ஆண்டு, 1578இல், கொல்லத்திலே அண்டிறிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகி வெளிவந்தது. இந்திய மொழி ஒன்றன் சொந்த எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அது. இன்று வன்னிப் பிள்ளை ஒன்று தன் பாடநூலைத் திறக்கும்போது, அந்தக் கொல்லனின் உலை நெருப்பு அதன் பின்னே எரிந்துகொண்டிருக்கின்றது.

இவை அனைத்தையும் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். ஆணையிட்டுக் கட்டியது கோட்டை, அது சிதைந்தது. திறையாகப் பறித்தது யானை. அது கப்பலேறிப் போயிற்று. ஆனால் மக்கள் தாமாக விரும்பி ஏற்றவை, அதாவது குசினியிலுள்ள சொல், வயலிலுள்ள வித்து, களரியிலுள்ள கூத்து, காட்டிலுள்ள அன்னையின் ஆலயம் ஆகியவை, நானூறு ஆண்டு கடந்தும் வாழ்கின்றன. ஒரு பண்பாடு மற்றொரு பண்பாட்டுக்குள் நிலைபெறும் வழி இதுவே. வேறு வழியைப் பலர் முயன்று பார்த்தனர். அவர்கள் விட்டுச் சென்றவை இடிபாடுகளே. போரின் கொடுமையை உடலாலும் உள்ளத்தாலும் அனுபவித்த வன்னி மக்களுக்கு இவ்வுண்மையை விளக்கிக் கூற வேண்டியதில்லை. அவர்களே இதனை உலகுக்கு விளக்கத் தக்கவர்கள்.

ஆகவே, விருந்தினரை வரவேற்போர் செய்யத் தக்கன சில உள. பூநகரிக் கோட்டையின் எஞ்சிய கற்களை எவரும் வீடு கட்ட எடுத்துச் செல்லாதிருக்கப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். இடிந்த கோட்டையும் ஒரு சாட்சியே. முதிய அண்ணாவிமார் உயிரோடு இருக்கும்போதே அவர்களின் பாட்டுக்களை ஒலிப்பதிவு செய்து வைத்தல் வேண்டும். பாடசாலைப் பிள்ளைகள் தத்தம் பேர்த்தியாரிடம் சென்று, வீட்டுப் பொருள்களின் பெயர்களைக் கேட்டு எழுதி, அவை எங்கிருந்து வந்தன என்று ஆராயும் பழக்கத்தை மேற்கொள்ளலாம். அப்படிப் பயின்ற பிள்ளை நாளை வழிகாட்டியாக நிற்கும்போது, ஸ்பானிய விருந்தினர் முன்னே நாணவும் மாட்டாது, செருக்குறவும் மாட்டாது. ‘உங்கள் மன்னரின் பெயரால் எங்களுக்கு நேர்ந்தது இது, உங்கள் நாட்டிலிருந்து நாங்கள் விரும்பி எடுத்துக்கொண்டது இது, இரண்டும் உண்மை’ என்று நேர்நின்று சொல்லும். அவ்வாறு சொல்லக்கூடிய பிள்ளைகள் உள்ள ஊருக்கே உண்மையான பிரயாணிகள் தேடி வருவர்.